அவுரி பூத்த கொல்லை

கண்ண மூடிக்கோ தங்கம். மூடிக்கிட்டே கேக்கலாம், கதை காது வழியாத்தான வருது. பெரிம்மா நடுவுல நிறுத்தினா நீ 'ம்' சொல்லணும். 'ம்' வரலேன்னா வெளக்க அணைச்சிருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாமியா, ஒரு மருமக. மாமியா பேரு அங்காயி, மருமக பேரு தையலு. வீட்டுல அவங்க ரெண்டு பேருதான். தையலோட புருஷன் உப்பு வண்டி ஓட்டறவன். போனா மாசக்கணக்கா வரமாட்டான்.

அந்த ஊரச் சுத்தி எங்க பாத்தாலும் அவுரி வயலுதான். அவுரின்னா நீலச் சாயம் எடுக்கற செடி. எலையும் தண்டுமா வெட்டி, பெரிய தொட்டித் தண்ணில ஊறப் போட்டு, அப்புறம் சளக்கு புளக்கு, சளக்கு புளக்குன்னு கலக்குவாங்க. கலக்கக் கலக்க அடில நீலமா வண்டல் தங்கும். அதுதான் சாயம். அங்காயி சின்ன வயசுலேருந்து அந்தத் தொட்டியில நின்னவ. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் நீலம். குளிச்சாலும் போகாது.

"சோப்பு போட்டாக்கூடவா?"

சோப்பு போட்டாக்கூட.

அந்தச் சாயமெல்லாம் கோட்டைல இருக்கற ராசாவுக்குப் போகும். ராசாவுக்கு எல்லாமே நீலமா இருக்கணும். தலப்பா நீலம், திரைச்சீல நீலம், யானை மேல போத்தற துணி நீலம். அதனால அவரு ஒரு சட்டம் போட்டிருந்தாரு. அவுரி இடுப்பு உசரம் வந்ததும், மொட்டு விடறதுக்கு முன்னாடியே வெட்டிரணும். பூத்துட்டா எலைல சாயம் கொறஞ்சு போயிரும்ல, அதான். வெதை வேணும்னா கப்பல்ல வேற தேசத்துலேருந்து மூட்ட மூட்டையா வந்து எறங்கும். வீட்டுல யாராச்சும் தனியா ஒரு செடி வளத்தா, வீட்ட இடிச்சுட்டு ஊர விட்டே தொரத்திருவாங்க.

அப்போ, அந்தத் தேசத்துல ஒருத்தராச்சும் அவுரிப் பூவப் பாத்திருப்பாங்களா?

"இல்ல."

யாருமே பாத்ததில்ல.

இந்த அங்காயி இருக்காளே, அவ வாயத் தொறந்தா வசவுதான். கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வசவு, கொறஞ்சுபோச்சுன்னு ஒரு வசவு, சரியா இருந்தா ஏண்டி இன்னும் கொஞ்சம் வைக்கலேன்னு ஒரு வசவு. தையலும் லேசுப்பட்டவ இல்ல. பதிலே பேசாம பாத்தரத்த டங்குனு வைப்பா. அதுவும் ஒரு பேச்சுதான.

ஒரு மழைக்காலத்துல அங்காயி தொட்டிப் படில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பு போயிருச்சு. அன்னிலேருந்து கட்டிலோட கட்டிலா கெடந்தா. தையலுதான் தூக்கி, கழுவி, ஊட்டி, எல்லாம். வசவு மட்டும் கொறயவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் தையலு அவளுக்குத் தல வாரிக்கிட்டு இருந்தா. கெழவி ரொம்ப நேரமாப் பேசவே இல்ல. பேசாம இருக்காளேன்னு தையலுக்கே பயமாப் போச்சு. அப்போ கெழவி மெதுவா சொன்னா, "ஏண்டி, வாழ்நாள் பூரா அவுரி நட்டேன், அவுரி கலக்கினேன். அது என்ன நெறத்துல பூக்கும்னு தெரியாமலே போயிருவேன் போலருக்கே."

தையலுக்குச் சீப்பு அப்படியே நின்னுபோச்சு. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து கெழவி திட்டாமப் பேசின மொத பேச்சு அது.

"நீலமாத்தான் பூக்கும் அத்த"ன்னா தையலு.

"இருக்கும். பாத்தியா நீ?"

"இல்ல."

"பின்ன வாய மூடிக்கிட்டு வாரு."

தையலு வாரினா. ஆனா மனசு மட்டும் வாரல, எங்கேயோ போயிருச்சு.

மறுநாள் வெத மூட்ட ஏத்தின வண்டி தெருவுல போச்சு. கடக்கு முடக்கு, கடக்கு முடக்கு. பள்ளத்துல வண்டி ஆடினப்போ ஒரு மூட்டைலேருந்து கொஞ்சம் வெத சிந்திச்சு. தையலு வாசல் பெருக்கற மாதிரி பெருக்கி, முந்தானைல முடிஞ்சுக்கிட்டா. கொல்லைல கத்திரிச் செடிக்கு நடுவுல கொண்டுபோய் விதைச்சா. தண்ணி தெளிச்சா. மாமியா கிட்ட மூச்சு விடல. வாய் நீளம்ல கெழவிக்கு, தெருவுக்கே கேட்டிரும்.

ஆனா ஒரு வெத கூட மொளைக்கல. காத்திருந்தா, காத்திருந்தா, ம்ஹூம். தோண்டிப் பாத்தா வெத கல்லு மாதிரி அப்படியே கெடக்கு. தண்ணி உள்ளயே போகல.

சரி, இதெல்லாம் நமக்கு வராதுன்னு விட்டுட்டா. அப்புறம் ஒரு நாள் பாத்தா, எங்க மொளைச்சிருக்கு தெரியுமா? பாத்தரம் தேய்க்கற எடத்துல! சாம்பலும் மணலும் போட்டு அவ கர கரன்னு தேய்ப்பால்ல, அந்த மணலுக்குள்ள ஒரு வெத தவறி விழுந்திருக்கு. மணலோட மணலா அதுவும் தேஞ்சு, தோலு கீறிப்போய், அந்தக் கீறல் வழியா தண்ணி குடிச்சு, முளுக்குனு தல நீட்டிருச்சு.

தையலுக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் பொத்தி வச்சதெல்லாம் மொளைக்கல, போட்டுத் தேய்ச்சது மொளைச்சிருச்சு பாரேன்னு.

கேக்கறியா?

"ம்."

சந்தோசம் ரொம்ப நாள் நிக்கல. பாத்தரம் கழுவின தண்ணியெல்லாம் அங்கதான போகும்? சளசளன்னு எப்பவும் ஈரம். அவுரிக்குக் காலு நனைஞ்சே இருந்தா ஆகாது. எல பழுத்து மஞ்சளா ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சிருச்சு. தாகமாக்கும்னு தையலு இன்னும் ஒரு சொம்பு ஊத்தினா. இன்னும் உதிர்ந்துச்சு. அப்புறம் மண்ணக் கெளறி மோந்து பாத்தா. சேத்து நாத்தம். அடடான்னு மண்வெட்டி எடுத்து, தண்ணிய அந்தப் பக்கம் முருங்க மரத்துக்குத் திருப்பி விட்டா. செடியச் சுத்தி மண்ண மேடா அணைச்சு விட்டா. அப்புறம் மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி, இல்லேன்னா கெடையாது. மெதுமெதுவா செடி தெம்பாச்சு. வெயில்ல நின்னு நின்னு தையலோட தோள் உசரம் வந்துருச்சு.

அப்போ பாரு, அடுத்த தெரு ஆடு ஒண்ணு வேலி தாண்டி வந்துச்சு. கறுக் மொறுக், கறுக் மொறுக். தையலு கொளத்துக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள எல, கொழுந்து, கெளை எல்லாம் காலி. ஒரு சாண் குச்சி மட்டும் நிக்குது.

தையலு கொடத்த எறக்கி வச்சுட்டு அப்படியே மண்ணுல ஒக்காந்து அழுதா. உள்ளேருந்து கெழவி, "யாரு செத்துப்போனாங்கன்னுடி இந்த அழுகை?"

"ஒண்ணுமில்ல அத்த. கத்திரிச் செடிய ஆடு மேஞ்சிருச்சு."

"அதுக்கா அழுவ? போயி வேலியக் கட்டு."

அதுவும் சரிதானேன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு முள்ளு வெட்டி வேலி கட்டினா. உள்ள ஒரு குச்சி. குச்சிக்கு ஒரு வேலி. பாக்கறவங்க சிரிப்பாங்க.

ஆனா வேரு உசுரோட இருந்துச்சு தங்கம். அந்தக் குச்சிலேருந்து புசுபுசுன்னு தளிர் வந்துச்சு. முன்ன ஒத்தக் கம்பா இருந்தது இப்போ பந்து மாதிரி பொதரா ஆயிருச்சு. எலைக்கு எல நடுவுல சின்னச் சின்னக் கதிரு. கதிரு நெறைய மொட்டு, கடுகு கடுகா.

"பூத்துச்சா?"

இரு. அன்னிக்குன்னு பாத்து கங்காணி எல்லப்பன் வந்தான். வயலெல்லாம் மேப்பாக்கறவன், கைல எப்பவும் அருவா. தாகமா இருக்கு, தண்ணி குடும்மான்னு கொல்லப் பக்கமா வந்தவன், வேலிய எட்டிப் பாத்துட்டான். சொம்பு கைலயே நின்னுபோச்சு.

"ஏம்மா, இது அவுரியில்ல?"

எல்லப்பன் வேலிய மிதிச்சுத் தள்ளிட்டு அருவாள ஓங்கினான். தையலு ஓடிப்போய்ச் செடிய மறிச்சு நின்னா. "ஐயா, இன்னிக்கு வேணாம்யா. நாளைக்கு வெட்டிக்குங்க. அதுக்குள்ள மொட்டு வெடிச்சிரும். எங்க அத்த ஒருதரம் பாத்துரட்டும்."

"வீட்ட இடிச்சிருவாங்கன்னு தெரியுமா தெரியாதா? யாரு நட்டது?"

தையலு 'நாந்தான்'னு வாயத் தொறந்தா. அதுக்குள்ள உள்ளேருந்து ஒரு சத்தம்.

"நாந்தாண்டா நட்டேன்!"

எல்லப்பன் திரும்பிப் பாத்தான். அங்காயி கட்டில்லேருந்து எறங்கி, கைய ஊணி ஊணி, சரக் சரக்குனு தரைல இழுத்துக்கிட்டே வாசப்படி வரைக்கும் வந்துட்டா. மூச்சு வாங்குது. அப்பத்தான் அவளுக்கே தெரியும், கொல்லைல இருக்கறது கத்திரி இல்லன்னு.

"எழுந்து நிக்க முடியாது உனக்கு. நீ எப்படி நட்ட?"ன்னான் எல்லப்பன்.

"இப்ப வந்தேன்ல, அப்படித்தான் வந்து நட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, வெளியூர்க்காரி. தொரத்தறதுன்னா என்னத் தொரத்து. கட்டிலோட தூக்கிட்டுப் போ."

எல்லப்பன் ஓங்கின அருவாள எறக்கினான். கெழவியப் பாத்தான். மருமகளப் பாத்தான். அப்புறம் மொட்டப் பாத்தான். அவனும் மீச மொளைச்ச நாள்லேருந்து அவுரி வெட்டறவன். சர்க் சர்க்குனு எத்தன வயலு! ஒரு பூவப் பாத்ததில்ல.

"நாளைக்குக் காலைல வருவேன். வந்து வெட்டிட்டுத்தான் போவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். சொல்லு."

காலைல வெயில் பட்டதும் தையலு மாமியாளத் தூக்கிட்டு வந்து, வேலிக்கு உள்ளாற ஒரு பலக மேல ஒக்கார வச்சா. கதிரெல்லாம் பூத்திருந்துச்சு. நீலமே இல்ல!

"என்ன கலரு?"

ரோசாக் கலரு. பொறந்த கொழந்தையோட உள்ளங்கால் இருக்கும்ல, அந்தக் கலரு. குட்டிக் குட்டியா, மொச்சப் பூ மாதிரி.

அங்காயி பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. அவளோட நீலக் கைய அந்தப் பூவுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா. "இத்தன நீலத்தக் குடுத்துட்டு, தனக்குன்னு இத வச்சிருந்திருக்கு பாருடி"ன்னா. பூவச் சுத்தித் தேனீ ரீங்குனு சுத்துச்சு.

அப்போ எல்லப்பன் வந்தான். வேலிக்கு வெளில நின்னான். அருவாள முதுகுப் பக்கம் சொருகிட்டு, குந்த வச்சு ஒக்காந்து, ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் எழுந்து தொண்டையச் செருமினான்.

"ஏம்மா தையலு, அவுரின்னா நீலமாத்தான பூக்கணும்?"

"ஆமாங்கய்யா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"இது நீலமா?"

"இல்லீங்களே."

"அப்ப இது அவுரி இல்ல. வேற என்னமோ பூச்செடி"ன்னுட்டு, மிதிச்ச வேலிய நிமுத்திக் கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான்.

கோட்டைல போயும் அதத்தான் சொன்னான். அங்க ஒரு அதிகாரி, "எல மட்டும் அவுரி மாதிரியே இருக்குதாமே?"ன்னு கேட்டாராம். "காட்டுல மொளைக்கற கொழிஞ்சிச் செடி எலையும்தான் அப்படி இருக்கு சாமி, கொழிஞ்சிலேருந்து நீலமா வருது? பூ ரோசாக் கலரு. நீங்க பாத்த அவுரிப் பூ என்ன கலரு சாமி?"ன்னான் இவன். அதிகாரி என்ன சொல்லுவாரு? அவரு பாத்திருந்தாத்தான! ராசாவும் பாத்ததில்ல, மந்திரியும் பாத்ததில்ல. தெரியாதுன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல. சரி சரி, பூச்செடிதான்னு விட்டுட்டாங்க.

அப்புறம் பூவெல்லாம் காயாச்சு. காயி முத்திக் கருத்து, கலகலன்னு வெத உதிர்ந்துச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் தையலு ஒரு பிடி குடுத்தா, மணல்ல தேய்ச்சுப் போடுங்கன்னு சொல்லிக் குடுத்தா. வருசம் திரும்பறதுக்குள்ள வீட்டுக்கு வீடு அந்தப் பூச்செடி நின்னுச்சு. சட்டம் அப்படியே இருந்துச்சு, செடியும் இருந்துச்சு.

அங்காயிக்கு இடுப்பு சரியாகல. ஆனா தெனமும் காலைல கொல்லைல கொண்டுபோய் ஒக்கார வைக்கச் சொல்லுவா. ஒரு நாள் தையலு கேட்டா, "ஏன் அத்த, அன்னிக்கு நீங்க நட்டதாச் சொன்னீங்களே, நெசமாவே தொரத்தியிருந்தா?"

கெழவி இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. "நீ எங்கேயாச்சும் போயிட்டா, கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு நான் யாரடி திட்டுவேன்? போ, போயி ஒலைய வையி"ன்னா.

தையலு ஒல வைக்கப் போனா. பாத்தரத்த அன்னிக்கு டங்குனு வைக்கல, மெதுவா வச்சா.

ஒல கொதிச்சாச்சு, சோறு வெந்தாச்சு, கதையும் எறக்கி வச்சாச்சு. என் தங்கம் தூங்கியாச்சா?

…

'ம்' வரல. வெளக்க அணைச்சிர்றேன்.