சாத்த வேண்டிய கதவு

எங்கள் தீவுக்குக் கிறிஸ்தவ வேதம் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது, கேளுங்கள். வெகு காலத்துக்கு முன் கடலிலிருந்து கரையேறிய ஒரு சாமியார் தாகத்தோடு முதல் வீட்டைத் தட்டினார், கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் வேதத் திருநாளில் அதையே நடித்துக் காட்டுகிறோம். திருவுளச்சீட்டில் பெயர் வந்தவர் சாமியாராக வருவார். முதல் வீட்டார் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், பாவம், பரம்பரைப் பழி. அடுத்த வீட்டாருக்குப் பரம்பரைப் பெருமை.

அந்த முதல் வீட்டில் இப்போது மதலேனாள் தனியாக இருக்கிறாள். போன ஆடியில் அவளுடைய ஒரே மகன் இன்னாசியும் கூட்டாளி கபிரியேலும் போன வள்ளம் இன்ஜின் பழுதாகி ஒன்பது நாள் கடலில் கிடந்தது. கபிரியேல் மட்டும் உயிரோடு வந்தான். நடந்ததைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கம் போகவும் இல்லை. அவளோ அன்றிலிருந்து வாசல் கதவைச் சாத்தவே இல்லை.

எட்டு மாதம் கழித்து வந்த திருநாளுக்குச் சீட்டு கபிரியேல் பெயருக்கே விழுந்தது. என்னத்தைச் சொல்ல.

ஊரார் கெஞ்சிக் கேட்டதால் மதலேனாள் அன்று கதவைச் சாத்தினாள். கபிரியேல் தட்டி, தாகமாக இருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றான். கதவு திறந்தது. கையில் செம்போடு நின்றாள்.

"என் பிள்ளை கடைசியில தண்ணி கேட்டானாய்யா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பார்த்தவர் யாருமில்லை.

"கேட்டான் மாமி. கொஞ்சந்தான் இருந்துச்சு. நான் குடுக்கல."

அவள் செம்பை நீட்டினாள். அவன் அழுதுகொண்டே குடித்தான். தண்ணீர் கொடுக்கக் குடத்தோடு காத்திருந்த அடுத்த வீட்டு எலிசம்மா இதைப் பார்த்தாள். திருநாளைக் கெடுத்தாள் என்ற பேச்சு மதலேனாளுக்கு வரக் கூடாதென்று உள்ளே போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு கதவு சாத்தியும் ஒன்று திறந்தும் இருக்க, கோயில் மணி அடித்தது.

இப்போது சொல்லுங்கள்: திறந்தவள், உண்மை சொன்னவன், சாத்திக்கொண்டவள், இம்மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: எலிசம்மா என்பீர்கள். அவள் விட்டுக்கொடுத்த பெருமை அடுத்த திருநாளில் திரும்ப வந்துவிடும். கபிரியேல் எட்டு மாதச் சுமையை இறக்கிவைத்தான். நல்லதுதான், ஆனால் யார் தலையில் இறக்கினான்? அதுவரை மகன் இறந்தான் என்று மட்டும் அறிந்திருந்தவள், தாகத்தோடு இறந்தான் என்று அறிந்த பிறகே செம்பை நீட்டினாள். அதுதான் பெரிது. இன்றைக்கும் மதலேனாள் தண்ணீர் குடிக்கும்போது பாதியில் செம்பைக் கீழே வைத்துவிடுகிறாள்.