நாற்பத்திரண்டாவது கோடு

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றம்தான். இதில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள்.

சீடர் திருவேங்கடத்துக்கு ஐம்பத்தொன்று. ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர். பள்ளியை மூடிவிட்டதால் இவளிடம் வந்து தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை அம்மா என்பார். யாரிடம் யார் வேலை பார்க்கிறார்கள் என்று வாடிக்கையாளர்களுக்குக் குழப்பமாகவே இருக்கும்.

அந்த நாட்களில் கடைக்கு வந்ததெல்லாம் சின்ன லேப்டாப்புகள். பள்ளியில் இலவசமாகக் கொடுத்தவை, தவணையில் வாங்கியவை. உடம்பு சின்னது, மூச்சும் சின்னது. அவற்றுக்குள் எந்த இயங்குதளத்தைப் போடுவது, விண்டோஸா லினக்ஸா என்பதில்தான் தெருவே இரண்டாகக் கிடந்தது. எதிர்க்கடைக்காரர் விண்டோஸ் கட்சி. திருவேங்கடம் லினக்ஸ் கட்சி. முதல் வருடம் மாலை போட்ட கன்னிச்சாமியின் வேகம் அவருக்கு.

ஒவ்வொரு லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றும்போதும் கதவோரச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். எதிர்க்கடையிலும் ஒரு சுவர் இருந்தது. டீ குடிக்கும் நேரத்தில் இருவரும் அவரவர் வாசலில் நின்று எதிராளியின் கோடுகளை எண்ணுவார்கள்.

ஜெசிந்தா அந்தக் கோடுகளைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒருநாள் அவர் நேராகவே கேட்டார்.

"ரெண்டுல எதும்மா ஒசத்தி?"

அவள் கையிலிருந்த லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். "இந்த நாலு திருகையும் முடுக்கிருங்க சார்."

அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். தெரியாததால் மழுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் உதிரிபாகம் வாங்க மதுரைக்குப் போயிருந்தாள். கடையில் திருவேங்கடம் மட்டும். அப்போதுதான் பரமன் படியேறி வந்தார். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். துண்டில் சுற்றிய ஒரு சின்ன லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது, இது ரொம்ப மெதுவாக ஓடுகிறது, கொஞ்சம் சரிபண்ணிக் கொடுக்க வேண்டும் என்றார்.

திருவேங்கடம் அதை ஓடவிட்டார். திரையில் படம் வருமுன்னே அது பேச ஆரம்பித்தது. பேச்சா அது? ஒரு விசையைத் தட்டினால் ஒரு கத்தல், இன்னொன்றைத் தட்டினால் பத்துச் சொல் ஒரே மூச்சில். தமிழா வேறு மொழியா என்றுகூடப் பிடிபடவில்லை.

"அது சத்தம் போடுமுங்க," என்றார் பரமன். "அது வந்து, எம்பொண்ணுக்கு..."

"வைரஸ். நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டுச் சாயங்காலமா வாங்க."

அதற்குப் பிறகு பத்து நிமிடம் விண்டோஸ் ஏன் இந்த மாதிரிச் சின்ன லேப்டாப்புக்குச் சுமை, லினக்ஸ் எவ்வளவு லேசு என்று அவருக்கு விளக்கினார். பரமன் தலையாட்டிக்கொண்டே நின்றார். படித்தவர் சொல்கிறார். நடுவில் ஒருமுறை வாயைத் திறந்து மூடினார். பிறகு மண்டிக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

அழிப்பதற்கு முன் படங்களைப் பார், இருந்தால் எடுத்து வை என்பது அந்தத் தெருவின் பழக்கம். கல்யாணப் படம் போனால்தான் வாடிக்கையாளர் அழுவார், மற்றது போனால் யாரும் கேட்பதில்லை. திருவேங்கடம் பார்த்தார். ஒரு படம்கூட இல்லை. ஒரு மூலையில் முந்நூறு சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தன. பெயர் கிடையாது, ஒன்று இரண்டு மூன்று என்று வெறும் எண்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணப் படத்தின் அளவுகூட வரவில்லை. வைரஸ் போட்ட குட்டிகள் என்று முடிவு செய்தார்.

முழுவதையும் ஃபார்மட் அடித்து லினக்ஸ் போட்டார். இருபது செகண்டில் திறந்தது. சத்தமும் இல்லை. சுவரில் நாற்பத்திரண்டாவது கோட்டைப் போட்டபோது அவருக்கு மனது நிறைந்திருந்தது. எதிர்க்கடையில் முப்பத்தொன்பது.

சாயங்காலம் லேப்டாப்பை வாங்கிப் போன பரமன் மறுநாள் காலை அதோடு திரும்ப வந்தார். அவர் தோளில் கை வைத்தபடி, ஒவ்வொரு படியாகக் காலால் தொட்டுப் பார்த்து, அவர் மகள் அழகுமீனா வந்தாள்.

அவளைப் பார்த்ததுமே, மதுரையிலிருந்து திரும்பியிருந்த ஜெசிந்தா எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அழகுமீனா லேப்டாப்பைத் திறந்து, ஒலி வரும் ஓரத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"சார், இது பேசமாட்டேங்குது."

ஜெசிந்தாவுக்கு நடந்தது புரிய நேரமாகவில்லை. அந்த லினக்ஸிலேயே, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியை அரைமணியில் போட்டுக்கொடுத்தாள். லேப்டாப் பேசியது. அழகுமீனா வேகத்தைக் கூட்டச் சொன்னாள், இன்னும் கூட்டச் சொன்னாள். பழகிய காதுக்கு அந்த வேகம்தான் வசதி. பிறகு அந்த முந்நூறு ஃபைல்களைத் தேடினாள். விரல்கள் மேலும் கீழும் போய்வந்தன. ஒன்றுமில்லை என்று லேப்டாப்பே அவளிடம் சொன்னது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், சர்ச்சுக்கு வரும் ஒரு டீச்சர், பஸ்ஸில் பழக்கமான ஒரு பெண் என்று யார் யாரோ புத்தகத்தை வாசிக்க, கேட்டுக் கேட்டு அவள் தட்டச்சு செய்த பாடங்கள் அவை. மூன்று வருட உழைப்பு. அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது.

ஜெசிந்தா மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருள்களை மாற்றி மாற்றி ஓட்டினாள். பழையதன்மேல் புதியது உட்கார்ந்திருந்தது. பதினேழு ஃபைல்கள் வந்தன. அதிலும் பாதி பாதியிலேயே நின்றது.

நான்காம் நாள் அவர்கள் வந்தபோது அதைச் சொல்லி, தன் கடையில் நடந்தது தன் தப்பு என்று மன்னிப்புக் கேட்டாள். சுவரைக் காட்டி, அந்தக் கோடுகளை என்றைக்கோ அழித்திருக்க வேண்டும், பேசாமல் இருந்துவிட்டேன் என்றாள். அழகுமீனா திரும்பவில்லை. எந்தச் சுவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி யாரைப் போய் வாசிக்கச் சொல்வது என்று மட்டும், யாரிடமும் கேட்காததுபோல் கேட்டாள்.

பரமன்தான் உடைந்துபோனார். "நாந்தாம்மா சொல்லாம விட்டுட்டேன். கண்ணு தெரியாதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும். வாய் வரலம்மா எனக்கு."

"விடுங்கப்பா," என்றாள் அழகுமீனா. "எந்திரிங்க, போகலாம்."

அவள் பரீட்சை எழுதப் போகவில்லை. எதிர்க்கடைக்காரர் மூலம்தான் அது தெரிந்தது. அவர் அதை ஒரு வெற்றிபோலச் சொன்னார். விண்டோஸ் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றும் கேட்டார். அவர் சுவரிலும் ஃபார்மட் அடித்த கோடுகள்தான் இருந்தன என்பது அவருக்கு நினைவில்லை.

பரீட்சை முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஆனாலும் திருவேங்கடம் வந்தார். ஜெசிந்தா சர்ச்சில் பூசையை முடித்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்திருந்தாள். அவருக்கு எத்தனையோ இரவு தூங்காத முகம். ஆனால் மனிதனின் புத்தி பழகிய தடத்தில்தானே ஓடும்.

"இப்பவாச்சும் சொல்லுங்கம்மா. நான் எதப் போட்டிருக்கணும்? ரெண்டுல எது ஒசத்தி?"

ஜெசிந்தா அவருடைய சொந்த லேப்டாப்பை வாங்கினாள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் அவர் அதில் போட்டு வைத்திருந்தார், ஒப்பிட்டுப் பார்க்க. அதைத் தன் பக்கம் திருப்பி ஓடவிட்டாள். பிறகு திரையைச் சுற்றியிருந்த சட்டத்தைக் கழற்றி, திரைக்குப் போகும் கேபிளை உருவினாள். கறுத்துப்போன அந்தத் திரையை அவர்முன் வைத்தாள்.

"உங்களுக்கு அத்துப்படியான லேப்டாப்தானே சார். ரெண்டுல ஒண்ணு ஓடுது. அந்தப் பொண்ணுக்கு ஒரு கடுதாசி அடிங்க."

அவர் உட்கார்ந்தார். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு விசையைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். எழுதியது எங்கே போனது, எழுதப்பட்டதா என்றே தெரியவில்லை. மவுஸை நகர்த்தினார். இருபது வருடம் பாடம் நடத்திய கை மேசைமேல் அப்படியே நின்றது.

"ஒண்ணுமே தெரியலையேம்மா."

"அன்னிக்கு அவங்கப்பா இதத்தான் சார் சொல்ல வந்தாரு."