மாட்டுக் கொட்டகையில் ஆள் படுத்த இடம்

கதையைக் கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிப் போய்விடக் கூடாது. கடைசியில் பதில் சொல்ல வேண்டும், ஆமாம்.

பாலைவன நாடொன்றில் ஒரு பால்பண்ணை. வெயிலில் மாடுகள் செத்துவிடும் என்று கொட்டகை முழுக்க ராட்சத மின்விசிறிகளும் நீர்ச்சாரலும் வைத்திருந்தார் முதலாளி. பால் கறக்கும் ஆட்களுக்கோ தகர அறை. அதில் ஒரு விசிறிகூடக் கிடையாது. அறந்தாங்கிப் பக்கத்து வெள்ளைச்சாமி மதிய ஓய்வில் நைசாகக் கொட்டகைக்குள் நுழைந்து, மூலையில் வைக்கோல்மேல் மாடுகளோடு மாடாகப் படுத்துக்கொள்வான். பசுக்கள் அவன் தலையை நக்கும். ஒருநாள் மேற்பார்வையாளர் குலசேகரன் பார்த்துவிட்டார்.

"மாட்டுக்கு நோய் ஒட்டிக்கிட்டா நீயாடா பதில் சொல்வே? ஒழுங்கா ரூமுக்குப் போ!"

போனான். சில நாளில், தகர அறையில் மதியம் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விபரீதம். மாடுகள் நெருக்கியடித்துப் படுத்தாலும் அந்த மூலையை மட்டும் மிதிக்கவில்லை. அங்கே வைக்கோல் ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தது. கிளறிவிட்டாலும் மதியமானால் மறுபடி அமுங்கும். ஒரு பசு குனிந்து வெறுங்காற்றை நக்கிக்கொண்டே நிற்கும். பார்த்தவர்கள் பின்வாங்கி ஓடினார்கள். வெள்ளைச்சாமியின் கூட்டாளி சூசை மட்டும், "அது அண்ணன் இடம். யாரும் கிட்டப் போகாதீங்க" என்று காவல் நின்றான்.

வெள்ளைச்சாமிக்குப் பதிலாக நேபாளத்துப் பிம்லால் வந்தான். அவனும் ஒரு மதியம் தகர அறையில், வெள்ளைச்சாமி படுத்த அதே கட்டிலில் சுருண்டான். உடம்பு அனலாய்க் கொதித்தது. சூசை அவனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். அந்த மூலையைத் தவிர வேறெங்கும் இடமில்லை. சூசை அதைப் பார்த்துக் கெஞ்சினான்.

"அண்ணே, இவனும் செத்துருவான் போலிருக்குண்ணே. கொஞ்சம் எந்திரிண்ணே!"

அமுங்கிக் கிடந்த வைக்கோல் சரசரவென்று மேலே எழும்பியது. சூசை அலறிவிட்டான். அலறிக்கொண்டேதான் பிம்லாலை அங்கே படுக்க வைத்தான்.

பிம்லால் பிழைத்தான். தேறி எழுந்ததும் அந்த மூலையில் வழக்கு மூண்டது.

"ஃபேன் மாட்டுக்கு வாங்குனது. மாடுதான் படுக்கணும்" என்றார் குலசேகரன்.

"அண்ணனே விட்டுக்கொடுத்துட்டாரு சார். இனிமே மதியத்துல நாங்க இங்கதான் படுப்போம்" என்றான் சூசை.

பிம்லால் அரைகுறைத் தமிழில் சொன்னான்: "எனக்கு மாட்டு இடம் வேணாம். ரூம்ல ஃபேன் வேணும். வர்ற வரைக்கும் பால் கறக்க மாட்டேன்." ஊருக்கு விரட்டிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னான்.

அவர்கள் காலடியில் வைக்கோல் மெல்ல அமுங்கத் தொடங்கியது.

இப்போது சொல்லுங்கள், மூவரில் யார் பேச்சு நியாயம்?

பிம்லால் பேச்சுதான். குலசேகரன் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் குளிர் மாட்டுக்கு உரியதே. வாயில்லாத ஜீவன், அது யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. சூசைக்கு மனசு பெரிதுதான். ஆனால் அவன் மாட்டின் பங்கில் ஒண்டிக்கொள்ள இடம் கேட்டான். அப்படி ஒண்டிய ஒருவனைத்தான் ஓர் அதட்டலில் விரட்டியிருந்தார்கள். மனிதனுக்கு உரியதை அவன் வாழும் அறையிலேயே கேட்டவன் பிம்லால் ஒருவன்தான். வெயில் கொல்லும் என்று தெரிந்துதானே முதலாளி மாட்டுக்கு விசிறி வாங்கினார்? அப்படியானால், ஆட்களைத் தகர அறைக்குள் படுக்கவிட்டபோதும் அவருக்கு அது தெரியும்.