எழுத மறந்த முள்ளம்பன்றி

ஆவாரங்காட்டுக் குளத்துக்கு ஒரே பாதைதான். பாதையோரம் ஒரு பாறை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்தக் கரையில் சேறு என்றெல்லாம் அதில் எழுதி வைப்பது சடையன் என்ற முள்ளம்பன்றியின் வழக்கம். தண்ணீர் குடிக்க வரும் மிருகங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் இறங்கும்.

ஒரு நாள் காலை பொன்னாத்தா என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே! கிழக்குக் கரையில முதலை கிடக்கு! சீக்கிரம் எழுது! என் தங்கச்சி குட்டிகளோட இன்னைக்கு இந்த வழியாத்தான் வர்றா!"

"எழுதிடலாம்! ஆனா கரியால எழுதினா மழையில அழிஞ்சிடுதே. நாவல்பழச் சாறுன்னா காலத்துக்கும் நிக்குமாம்!"

சடையன் பழத்தைத் தேடிக் கொண்டுவந்து பிழிந்தது. "சே, ரொம்பத் தண்ணியா இருக்கு! வேப்பம்பிசின் கலக்கணும்!" என்று மறுபடி ஓடியது. பிசினும் வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை.

"பொன்னாத்தா, இந்தப் பாறையே சரியில்லை! அதோ அந்த வெள்ளைப் பாறை எவ்வளவு அம்சமா இருக்கு! பழைய எழுத்தையெல்லாம் முதல்ல அங்கே மாத்திடறேன்!" என்று சொல்லி, இருந்ததையும் துடைத்துவிட்டது.

பொன்னாத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட பாவி! வெறும் பாறையைப் பார்த்தா ஆபத்து ஒண்ணும் இல்லைன்னுதானே இறங்குவாங்க! நான் இங்கேயே காவல் நிக்க முடியுமா? வளையில என் குட்டிங்க பசியில கிடக்குது! ஒரே ஒரு வரி எழுதேன்!"

"கொஞ்சம் பொறு! ஏற்பாட்டை ஒரு தடவை சரியாப் பண்ணிட்டா, அப்புறம் எழுதறது ரொம்ப சுலபம்!"

"உன் ஏற்பாட்டுல இடி விழ!"

பொன்னாத்தா சடையன் முதுகிலிருந்து ஒரு முள்ளை வெடுக்கென்று பிடுங்கியது.

"ஐயோ!"

முள்ளைச் சேற்றில் தோய்த்துப் பாறையில் எழுதியது: 'கிழக்கே முதலை! மேற்கே போ!'

"ஐயையே, எழுத்து கோணல்மாணலா இருக்கே!" என்று முதுகைத் தடவிக்கொண்டே முனகியது சடையன்.

"இருந்துட்டுப் போகட்டும்!" என்று சொல்லிவிட்டுப் பொன்னாத்தா வளைக்கு ஓடியது.

பொழுது சாயும் நேரம். தங்கச்சி முயல் குட்டிகளோடு பொன்னாத்தாவின் வளைக்கு வந்து சேர்ந்தது. ஒரு குட்டியும் குறையவில்லை. பொன்னாத்தாவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

"அக்கா, அந்தக் கோணல் எழுத்து உன்னோடதுதானே? நல்லவேளை, மேற்குக் கரையில தண்ணி குடிச்சோம்! ஆமா, பக்கத்துல ஒரு முள்ளம்பன்றி வெள்ளைப் பாறையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கே, அதுக்கு என்ன ஆச்சு?"

எதைக் கொண்டு எழுதுவது என்று தேடியே பொழுதைக் கழிப்பவர், எழுத வேண்டியதை எழுதவே மாட்டார்.