முதலாளி அவுட்டாகாத நாள்

பன்னிரண்டு கிரிக்கெட் அணிகளில் ஆடி எதிலும் நிலைக்காத இன்னாசிமுத்து, கடைசியில் ஒரு மில் அணிக்கு மேனேஜர் ஆனார். அந்த அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் தோற்றது.

"நாளைக்கும் தோத்தா உமக்கு வேலை கிடையாது வே" என்றார் மில் முதலாளி.

"தோக்க மாட்டோம் முதலாளி. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசி ஆட்டத்தைத் தொடங்கி வைங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளியை ஆடுகளத்தின் நடுவே நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார் இன்னாசிமுத்து. தம் தாத்தா முதல் பஞ்சு மூட்டை வாங்கிய கதையிலிருந்து முதலாளி ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. எதிரணியினர் வெயிலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள். வெளிச்சம் மங்கியதும் நடுவர் ஆட்டத்தை ரத்து செய்தார்.

"ஜெயிச்சுட்டமா?" என்றார் முதலாளி, தொண்டை கட்டிய குரலில்.

"தோக்கலை முதலாளி. காலையிலிருந்து சாயங்காலம்வரை அவுட்டாகாம நின்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."