பொன்னாடைக்குள் எரிந்த பச்சை விளக்கு

இதனைச் சொன்னவர், பாளையங்கோட்டைப் பக்கம் மண்டபங்களில் ஒலிபெருக்கிப் பணி செய்துவந்த யூசுப் ராவுத்தர். கேட்ட நாள்: 2014 ஆவணியில், முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.

ஒரு மண்டபத்தில் ஒரு கைப்பொத்தானும் ஒரு பச்சை விளக்கும் வேலை பார்த்தன. மேடையில் பேசுபவர் கைப்பொத்தானை அழுத்துவார். கம்பி ஏதும் இல்லாமலே, பின்வரிசையில், மண்டபத்தில் ஒலியும் திரைப்படங்களும் கவனிக்கும் இசக்கியம்மாளின் மேசைமேல் பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணையும். அதைக் கண்டதும் இசக்கியம்மாள் மடிக்கணினியைத் தட்டி, அடுத்த படத்தைத் திரைக்கு அனுப்புவார். கைப்பொத்தானுக்கோ, படத்தை மாற்றுவதே தான்தான் என்று நினைப்பு.

அன்று வாழை நோய் பற்றிய கூட்டம். இசக்கியம்மாள் கைப்பொத்தானுக்குப் புது பேட்டரி போட்டார். மேடையின் நான்கு மூலைக்கும் நடந்து நடந்து அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது.

"எக்கா, இன்னைக்கு இது மக்கர் பண்ணிச்சுன்னா அலமாரியில போட்டுப் பூட்டிருவேன். நாளையில இருந்து பழைய நீள வயருதான்" என்றார் மேலாளர் தேவசகாயம்.

கைப்பொத்தானுக்கு அலமாரி என்றாலே பயம். ஆனாலும் வாய் குறையவில்லை. "ஏ மின்மினிப்பூச்சி! ஒழுங்கா எரி. உன்னால என் பேரு கெடக்கூடாது" என்று காற்றுவழியே அதட்டியது.

"நீ கூப்பிட்டா நான் எரியுதேன். நான் எரிஞ்சா அக்கா பாக்காங்க. அவ்வளவுதான் நம்ம ரெண்டு பேரு பவுசும்" என்றது விளக்கு.

கூட்டம் தொடங்கியது. வரவேற்புரை, வாழ்த்துரை, பிறகு ஆறு பொன்னாடைகள். தோளில் விழுந்த பொன்னாடைகளை எவரும் வைத்துக்கொண்டு உட்காரவில்லை. ஆறும் மடிக்கப்பட்டுக் கீழே இறங்கின. "எக்கா, இதக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று யாரோ இசக்கியம்மாளின் மேசையில் குவித்துவிட்டுப் போனார். விளக்கு அடியில் போயிற்று. இசக்கியம்மாளோ ஒலிவாங்கியின் இரைச்சலைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

வாழை நோய் பற்றிப் பேச வந்த டாக்டர் மங்களநாதன் எழுந்து, "முதலில் நோயின் அறிகுறி" என்று கைப்பொத்தானை அழுத்தினார். திரையில் தலைப்பு அசையவில்லை. மறுபடி அழுத்தினார்.

"எங்கலே செத்துப்போன?" என்று அலறியது கைப்பொத்தான்.

"எரியத்தான் செய்யுதேன்! மேல ஆறு மரியாத உக்காந்திருக்கு!"

"எந்திரிக்கச் சொல்லு!"

"சொன்னேன். எங்களுக்குக் கீழ ஒரு விளக்கு இருந்ததா எங்ககிட்ட யாரும் சொல்லலையேன்னு கேக்குதுவ."

கைப்பொத்தானின் கண்முன் அலமாரியின் இருட்டு வந்து நின்றது. "அண்ணே," என்றது, முதன்முறையாக. "எப்படியாவது எரியுங்கண்ணே."

விளக்கு தன் பலத்தையெல்லாம் கூட்டி எரிந்தது. ஜரிகை வழியே பச்சை கசிந்தது. திரும்பிய இசக்கியம்மாள், பொன்னாடைக் குவியல் திருவிழாத் தேரைப் போல மின்னுவதைக் கண்டு பதறி அவற்றை விலக்கினார். அந்த நேரம் பார்த்துப் பொறுமையிழந்த டாக்டர் சடசடவென்று ஒன்பது முறை அழுத்த, விளக்கும் இசக்கியம்மாளின் கண்ணெதிரே ஒன்பது முறை எரிந்தது. விளக்கு எரிந்த அளவுக்குப் படம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுதான் இசக்கியம்மாளின் தொழில்முறை. ஒன்பது முறை தட்டினார்.

அறிகுறி, கிழங்கு, மருந்து எல்லாம் பறந்து, திரையில் வந்து நின்றது: "நன்றி, வணக்கம்."

காலையிலிருந்து உரை கேட்டுச் சோர்ந்திருந்த விவசாயிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டாக்டர் என்ன செய்வார்? கும்பிட்டார்.

"அரைமணிப் பேச்சு ரெண்டே நிமிஷத்துல! இத அலமாரியில போடுவேனா?" என்றார் தேவசகாயம்.

"பாத்தியால, நான் படம் மாத்துத வேகத்த?" என்றது கைப்பொத்தான். விளக்கு ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் டாக்டருக்குப் போர்த்திய ஏழாவது பொன்னாடை அதன்மேல் வந்து விழுந்தது.

தூத்துக்குடிப் பக்கம் சொல்பவர்கள், கைப்பொத்தான் அலமாரிக்கே போனதாகவும், மறுநாள் நீள வயர் தடுக்கி மேலாளர் விழுந்ததாகவும் முடிக்கிறார்கள். கேட்டவரை, கதையின் எந்த வடிவத்திலும் பொன்னாடையை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.