முன்னால் நின்ற பாவோ

விருத்தாசலத்தில் ஒரு வருஷம் மூளை அமோகமாக விளைந்துவிட்டது. ஊரில் வைத்துக்கொள்ள இடமில்லாமல் மூன்று பேரைப் பின்லாந்துக்குப் படிக்க ஏற்றுமதி செய்தார்கள். கொளஞ்சி, கலியமூர்த்தி, ராயப்பன். மூவரில் கொளஞ்சிதான் விவரமானவன். இதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

அவர்கள் போய் இறங்கியது ஜனவரி மாதம். கல்லூரி அலுவலகத்து ஐனோ அம்மையார் விடுதிக்கே வந்து விவரம் சொன்னார்.

"திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தவறினால் உங்கள் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். எதிரிலேயே பஸ் வரும். புது ஊர் என்று பயப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆள் என்ன செய்கிறாரோ, அதையே செய்யுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்."

கொளஞ்சி யோசித்துப் பார்த்தான். சீட் போய்விட்டால் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது? அவனுடைய அப்பா பஸ் ஸ்டாண்டு எதிரில், 'பின்லாந்தைக் கலக்கவிருக்கும் எங்கள் சிங்கமே' என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். ஆகவே அம்மையார் சொன்னதை மனப்பாடம் செய்து, மற்ற இருவரிடமும் இரண்டுமுறை ஒப்பித்துக் காட்டினான்.

திங்கள் காலை எட்டரைக்கு அவர்கள் நிறுத்தத்துக்குப் போனபோது, ஒரு பெரியவர் நாயோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கொளஞ்சி, கொளஞ்சிக்குப் பின்னால் கலியமூர்த்தி, கலியமூர்த்திக்குப் பின்னால் ராயப்பன் என்று ஒழுங்காக நின்றுகொண்டார்கள். கல்லூரி பெயர் போட்ட பஸ் வந்தது. பெரியவர் ஏறவில்லை. இவர்களும் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று.

"டேய், போர்டுல காலேஜ் பேரு போட்டிருக்குடா," என்றான் கலியமூர்த்தி.

"போட்டிருக்கட்டும். முன்னால நிக்கிறவரு ஏறுனாரா?"

"ஏறல."

"அவரு இந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

ராயப்பன் தீர யோசித்துவிட்டு, "போர்டை நம்பி ஏறுறவன்தான் ஏமாளி," என்று தீர்ப்புச் சொன்னான்.

மூன்றாவதாக வேறு ஏதோ ஊருக்குப் போகும் பஸ் வந்தது. பெரியவர் ஏறினார். மூவரும் நிம்மதியாக ஏறினார்கள்.

ஓர் ஏரிக்கரையில் அவர் இறங்கியதும் சிக்கல் வந்தது. நாய் எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய், ஒரு விளக்குக் கம்பத்தருகே காலைத் தூக்கியது. மூவரும் நின்றுவிட்டார்கள்.

"இப்ப முன்னால நிக்கிறது நாய்தானடா?" என்றான் கலியமூர்த்தி கவலையோடு.

கொளஞ்சி கண்ணை மூடி அம்மையாரின் பேச்சை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தான். "ஆள்னுதான் சொன்னாங்க. நாய் கணக்குல வராது."

ராயப்பன் தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

கரையில் ஆவிக்குளியலுக்கென்று ஒரு மர அறை. பெரியவர் நாயை வெளியே கட்டிவிட்டு உள்ளே போய் உடுப்புகளைக் களைந்தார். மூவரும் களைந்தார்கள். ராயப்பன் மட்டும் ஜட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கழட்டுடா," என்றான் கொளஞ்சி. "நம்ம சீட்டு அதுலதான் இருக்கு."

உள்ளே அடுப்பின்மேல் கல்லை அடுக்கிக் காய்ச்சியிருந்தார்கள். பெரியவர் அதில் தண்ணீர் ஊற்ற, ஆவி புஸ்ஸென்று எழுந்தது. மூவரும் இட்லிபோல வெந்தார்கள். கொளஞ்சிக்கு மட்டும் சந்தோஷம். ஊரை விட்டு வந்து முதல்முறையாக அவனுக்குக் குளிரவில்லை. இவ்வளவு நல்ல கல்லூரியா என்று மனம் உருகிவிட்டது.

பிறகு பெரியவர் எழுந்து வெளியே போனார். உறைந்த ஏரியில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டி, ஏணி வைத்திருந்தார்கள். அவர் சத்தமில்லாமல் கழுத்துவரை இறங்கி, சத்தமில்லாமல் ஏறி வந்தார்.

கொளஞ்சி இறங்கினான். "ஐயோ, அம்மா, செத்தேன்" என்று அலறினான். அவனுக்கு அடுத்து நின்ற கலியமூர்த்திக்கு முன்னால் இருக்கும் ஆள் கொளஞ்சி அல்லவா? ஆகவே அவனும் இறங்கி, வரிசை மாறாமல் "ஐயோ, அம்மா, செத்தேன்" என்றான். ராயப்பன் ஏணியைத் தொடுவதற்கு முன்பே மூன்றையும் சொல்லி முடித்துவிட்டான்.

அப்போதுதான் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "யாரப்பா நீங்கள்?"

அறைச் சுவரில் மணி பதினொன்றேகால். கொளஞ்சி நடுங்கிக்கொண்டே கதையைச் சொன்னான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இனி பஸ் பிடித்துப் போனாலும் நேரத்துக்குச் சேர முடியாது என்று பெரியவர் சொன்னதும், கலியமூர்த்தியும் ராயப்பனும் முறைப்படி ஒருவர் பின் ஒருவராக அழுதார்கள்.

பெரியவர் நல்ல மனுஷர். தன் பெயர் பாவோ என்று சொல்லி, மூவருக்கும் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, அலுவலகத்துக்குப் போன் போட்டார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஐனோ அம்மையார் பதிவேட்டோடு காரில் வந்து இறங்கினார். துண்டுகளின் அளவைப் பார்த்ததும், பேனாவையும் பதிவேட்டையும் நீட்டிவிட்டு நாகரிகமாக முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"சீக்கிரம் போடுங்கள். ஆளுக்கொரு வரி."

குளிரில் பேனா எழுதவில்லை. பாவோ அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, எழுதுகிறதா என்று பார்ப்பதற்காகப் பதிவேட்டின் முதல் வரியில் தன் பெயரைக் கிறுக்கிவிட்டுக் கொளஞ்சியிடம் கொடுத்தார். கொளஞ்சி அதைக் கூர்ந்து பார்த்தான். அடுத்த வரியில் நிதானமாக எழுதினான். மற்றவர்களும் எழுதினார்கள். அம்மையார் திரும்பிப் பார்க்காமலே பதிவேட்டை வாங்கி மூடி, காரில் ஏறிப் போனார். மணி பன்னிரண்டு ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

கொளஞ்சி அங்கிருந்தே அப்பாவைக் கூப்பிட்டான்.

"சீட்டு கெடச்சிடுச்சுப்பா. கையெழுத்துப் போட்டாச்சு."

"பேரை ஒழுங்கா எழுதுனியாடா? ஒரு எழுத்து மாறுனாலும் வெளிநாட்டுல தொந்தரவு."

"ஒரு எழுத்துகூட மாறலப்பா. நாலு பேரும் பாவோன்னுதான் எழுதியிருக்கோம்."

மறுநாள் காலை எழுபத்து நாலு வயதுப் பாவோவுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. முதலாமாண்டு வகுப்பு ஒன்பது மணிக்கு, நால்வரும் தவறாமல் வரவும்.